பெரட்டுக்கு வந்த மரங்கொத்தி

அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவர்கள்: கங்காணி சேவுகன், காபிப் பழம் பறிக்கும் பெண்கள் ஒன்பது பேர், கோடாரிக்காரர் இருவர், நிழல் மரங்களின் கிளை கழித்துக் கவாத்து செய்யும் இருளாயி. புது முதலாளி தனராஜ் எட்டு மணிக்குத்தான் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“அந்த அத்தி மரத்தை வெட்டுங்க. காபிக்கு வெயில் வேணும்.”

“வெயில் ஏறினா தண்டுல புழு ஏறும், முதலாளி. புழுவைத் தின்கிற பறவையெல்லாம் இந்த மரத்துலதான் குடியிருக்கு,” என்றாள் இருளாயி.

“ஓசிக் குடித்தனமா? ஆறு மணிப் பெரட்டுக்கு வராத யாருக்கும் என் எஸ்டேட்டுல இடமில்ல. நேத்தே சொன்னேனே!”

“அதுங்க அஞ்சே முக்காலுக்கே வந்துடுச்சுங்க. அதோ பாருங்க.”

காபிச் செடியின் தண்டை ஒரு மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டி, வெள்ளைப் புழு ஒன்றை உருவி எடுத்தது.

“கங்காணி அண்ணே, ஆறு மணிக்கு வராதது யாரு?” என்றாள் இருளாயி.

சேவுகன் ஜீப்பைப் பார்த்தார். பிறகு அவசரமாக வானத்தைப் பார்த்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலாளி சட்டைக் கையைக் கைக்கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி சரி, வராதவங்களும் இருந்துட்டுப் போகட்டும்!”

“மரமும்தானே, முதலாளி?”

“மரமும்தான்!”

வெட்டச் சொன்ன மரம் ஒன்று. மிச்சம் நின்றதும் ஒன்று.