மீன்கடைக்குப் புலியின் மென்பொருள்

மருதங்காட்டு விலங்குகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது சூலினி என்னும் முள்ளம்பன்றியின் தொழில். ஒருநாள், ஓடைக்கரையில் மீன்கடை வைத்திருந்த துடுப்பன் என்னும் நீர்நாய் அதனிடம் வந்தது. கடையின் வாடிக்கையாளர்கள் தொலைவில் உள்ள சதுப்பு நிலத்து நாரைகள். எந்த மீன் வந்திருக்கிறது என்பதைப் பறந்து வராமலேயே அவை அறிய வேண்டும். இல்லாவிட்டால் வேறு கடை தேடிப் போய்விடும் என்று நீர்நாய் கவலைப்பட்டது.

"மீன் நாள்தோறும் மாறுமே. தளத்தில் அதை யார் மாற்றுவது?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"நான்தான், அக்கா. கடையில் வேறு யார் இருக்கிறார்கள்?"

அப்படியானால் எளிய மென்பொருள் ஒன்றே போதும், மீனின் பெயரை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்று முள்ளம்பன்றி விளக்கிற்று. நீர்நாயின் மீசை துவண்டது. காட்டரசர் புலியாரின் அரண்மனைத் தளம் எந்த மென்பொருளில் இயங்குகிறதோ, அதுவே தனக்கும் வேண்டும் என்றது.

புலியாரிடம் எழுத ஒரு நரி, சரிபார்க்க ஒரு நரி, ஒப்புதல் அளிக்க ஒரு நரி எனத் தனித்தனியே ஆள் உண்டு. அதற்கென்றே அமைந்த மென்பொருள் அது என்று முள்ளம்பன்றி எடுத்துச் சொன்னது. மறுநாளும் சொன்னது. படம் வரைந்தும் காட்டியது. நீர்நாயோ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "கடை சிறியது என்பதற்காகத் தளமும் மட்டமாக இருக்க வேண்டுமா, அக்கா?" என்று தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எப்படியோ போகட்டும் என்று, கேட்டதையே அமைத்துக் கொடுத்தது.

மழை பெய்து ஓடை கலங்கியது. விரால் அகப்படவில்லை. "இன்று விரால் இல்லை" என்று நீர்நாய் தளத்தில் எழுதியது. தளமோ, அமைத்த நாளில் முள்ளம்பன்றி இட்ட "விரால் உண்டு" என்பதையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி நாரைகள் நனைந்துகொண்டே வந்தன. வெறும் அலகோடு திரும்பின. மறுநாளும் அதே கதை.

நீர்நாய் முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடி வந்தது. "மேலதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வருகிறது, அக்கா! நானும் காத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்த மேலதிகாரி யார்? எங்கே போய்த் தொலைந்தார்?"

முள்ளம்பன்றி கண்களை மூடித் திறந்தது. "நீதான், தம்பி."

"நானா?"

"எழுதுபவன் நீ. சரிபார்ப்பவன் நீ. ஒப்புதல் தருபவனும் நீ. நீ எழுதியதற்கு நீயே உனக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும்."

நீர்நாய் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு, முதலில் சொன்ன எளிய மென்பொருளையே போட்டுவிடுமாறு தணிந்த குரலில் கேட்டது. முள்ளம்பன்றி அன்றே மாற்றிக் கொடுத்தது.

மழை விட்டது. ஓடை தெளிந்தது. "விரால் வந்துவிட்டது" என்று எழுதி, நீர்நாய் பொத்தானை அழுத்தியது. கண்ணிமைப்பதற்குள் தளத்தில் அது தெரிந்தது. படிப்பதற்குத்தான் யாரும் இல்லை. நாரைகள் அதற்குள் மீன்கொத்தியின் கடைக்கு மாறியிருந்தன.

நாள்தோறும் கையாளப் போகிறவருக்கு எது இயலுமோ அதுவே நல்ல கருவி. பெரியவரிடம் இருக்கிறது என்பதற்காகப் பெற்ற கருவி, பெற்றவரையே முடக்கிவிடும்.