பொட்டலுக்குள் போன கிணறு

வெள்ளைக்காரன் காலத்தில் மலையடிவாரத்தில் சர்க்கார் ஒரு வெடிமருந்து ஆலை கட்டியது. வேலி போட்டதில் ஊர்க் கிணறும் உள்ளே போய்விட்டது. ஆலை இருப்பது எதிரிக்குத் தெரியக்கூடாதாம். அதனால் நிலம் அளந்து படம் போட்டவர்கள் அந்த இடத்தை வெறும் பொட்டலாகவே வரைந்துவைத்தார்கள்.

ஒருநாள் அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பொன்னுருவியின் ஆடுகள் வேலிக்குள் புகுந்துவிட்டன. காவலர்கள் ஆடுகளோடு அவளையும் ஆலையை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் இழுத்துப் போனார்கள்.

"சர்க்கார் ஆலைக்குள் ஆடு மேய்க்கிறாயா? ஆடெல்லாம் பறிமுதல்" என்றார் துரை.

அவள் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினாள். "இதுல இந்த இடம் பொட்டல்னு அளக்க வந்தவங்களே சொன்னாங்களே சாமி. பொட்டல்ல ஆடு மேயாம ஆனையா மேயும்? ஆலை எங்கன்னு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க, ஆட்டை விட்டுட்டுப் போயிடறேன்."

கோடு போட்டால் ரகசியம் போய்விடும். துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கோடை வந்தது, ஊரில் தண்ணீர் வற்றியது. பொன்னுருவி குடத்தோடு துரையிடம் போனாள். "வேலிக்குள்ள இருக்கிற எங்க கிணத்துல தண்ணி எடுத்துக்கறோம் சாமி."

துரை அதே படத்தைக் காட்டினார். "பொட்டலில் ஏது கிணறு? எங்கே, நீயே காட்டு."

அன்றைக்கு ஆட்டோடு கிணற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று, காலிக் குடத்தோடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பதிலைத் துரைக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.