கோயம்புத்தூர்ப் பொண்ணுக்கு மீசை

கோயில்பட்டியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அறிவாளிகள் என்று சொன்னது அவர்களேதான். இல்லை என்று மறுக்க அந்த மாடிக்கு யாரும் ஏறிப் போனதில்லை.

ஊருக்குள் இண்டர்நெட் வராத காலம். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு போன் லைன், இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘கரிசல் பலகை’ என்று ஒன்றை நடத்திவந்தார்கள். கணினி வைத்திருப்பவர்கள் போன் போட்டு உள்ளே நுழைந்து கடிதம் எழுதிப் போடலாம். வெளியூர்க் கடிதமெல்லாம் மதுரைப் பலகைக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகப் பிரியும். எந்த ஊர்க் கடிதம் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று கணினிக்குள் வரிவரியாக எழுதியிருக்கும்.

பலகைக்குப் பொறுப்பாளர் தவசிமுத்து. பெண் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஆள். கோயம்புத்தூர்ப் பலகையில் ரோஜாச் செடிக்கு டீத்தூள் போடுவது பற்றி எழுதிவந்த சுகந்தாமணி மேல் அவனுக்கு நேரில் பார்க்காமலே ஒரு பிரியம் விழுந்துவிட்டது. தைரியத்தை எல்லாம் திரட்டி ஒரு கடிதம் எழுதினான். முகவரியில் அவள் பெயர் இருந்ததோடு சரி; கூச்சத்தில் கடிதத்துக்குள் அவள் பெயரையும் போடவில்லை, தன் பெயரையும் போடவில்லை.

கடிதம் நகரவில்லை. கோயம்புத்தூருக்கு வழி தெரியவில்லை என்றது கணினி.

“யார்ட்டயாவது கேட்டுப் போகச் சொல்லுடா” என்றான் இன்னாசி.

தவசிமுத்து மதுரைப் பலகையை நடத்தும் மகபூப் பாய்க்குப் போன் போட்டான். பாய் பொறுமைசாலி. “கோயம்புத்தூர் வரிக்கு முன்னால ஒரு நட்சத்திரம் போடுங்க, சரியாயிரும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“எந்த நட்சத்திரம்னு சொல்லலையே?” என்றான் மூன்றாமவன் காசிவிஸ்வநாதன்.

“கணினியோட நட்சத்திரம்தான். கல்யாண விஷயமாப் போற கடிதம், நட்சத்திரம் பார்க்காமப் போகுமா?” என்றான் இன்னாசி.

“அது என்னைக்குப் பிறந்துச்சு?”

“முதல்ல சுவிட்சு போட்ட நேரந்தான் கணக்கு.”

பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். மூலம் வந்தது. காசிவிஸ்வநாதன் முகம் வாடிப்போயிற்று. “மூலம் மாமனாருக்கு ஆகாதே!”

“கணினிக்கு ஏதுடா மாமனார்?”

“பாய்தானே எல்லாத்தையும் கட்டிக் குடுத்தாரு?”

பாயின் உயிர் முக்கியம் என்று ஒருமனதாக முடிவெடுத்து, ‘ரோகிணி’ என்று அடித்தார்கள்.

மறுநாள் பாய் போனில் கேட்டார். “அந்த வரியில இப்ப என்ன இருக்கு?”

“ரோகிணி இருக்கு பாய்.”

“சரி. அங்க என் எண்ணு மட்டும் இருக்கட்டும். மத்த எல்லாத்தையும் தூக்கிருங்க.”

மேஜையை இன்னாசி ஒரு பக்கமும் காசிவிஸ்வநாதன் மறுபக்கமும் தூக்கினார்கள். தவசிமுத்து போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நாற்காலியையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கினான். “தூக்கியாச்சு பாய். எவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்?”

பாய் கெஞ்சினார். “அய்யா, ஒண்ணு செய்ங்க. சோதனைக்கு அந்த இடத்துல உங்க எண்ணையே போட்டு அனுப்பிப் பாருங்க. உங்களுக்கே திரும்பி வந்தா மிஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் எனக்குச் சொல்லுங்க.”

போட்டார்கள். கடிதம் புறப்பட்டது. புறப்பட்ட சந்தோஷத்தில் பாயிடம் சொல்ல மறந்தார்கள். அது அதே கணினிக்குள் ஒரு சுற்று சுற்றி, அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை என்று பொறுப்பாளர் பெட்டியிலேயே வந்து விழுந்தது.

“பதில் வந்துருச்சுடா!” என்று கத்தினான் தவசிமுத்து. உரக்க வாசித்தான்:

‘அன்புடையீர், உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு மீசை உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.’

மூவரும் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார்கள்.

“பொண்ணுக்கு மீசையா?” என்றான் இன்னாசி.

“எனக்கும்தான் இருக்கு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?” என்றான் தவசிமுத்து.

“மறைக்காமச் சொல்லியிருக்கு பாரு. நல்ல குடும்பம்” என்றான் காசிவிஸ்வநாதன்.

தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒரு பெண் மீசையை எடுக்கிறேன் என்கிறாளே! ‘எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதினான். எடுக்க வேண்டாம் என்றே அவளும் எழுதினாள். அவன் மீசை தப்பியது.

‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் காத்திருங்கள்’ என்று அடுத்து எழுதினான். அவளும் வருவதாகச் சொல்லவே, பயணத்தை நிறுத்திவிட்டு மாலையோடு கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். மாலை வாடிற்று, ஆள் வரவில்லை. ‘நாள் முழுக்கக் காத்திருந்தேன், வரவில்லையே’ என்று வருத்தப்பட்டு எழுதினால், அவளும் நாள் முழுக்கக் காத்திருந்தாளாம். பாவமாகப் போய்விட்டது அவனுக்கு.

இதற்குள் கோயம்புத்தூர்ப் பலகைக்காரர், கோயில்பட்டியிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்று பாயிடம் சொல்லிவிட்டார். பாய் பஸ் ஏறி வந்தார். அந்த வரியைத் திருத்தினார், டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

தவசிமுத்து மறுபடி, பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கச் சொல்லி எழுதினான். இந்தத் தடவை பதில் வேறு மாதிரி வந்தது. ‘ஐயா, நீங்கள் யாரென்றே தெரியவில்லை. நான் எதற்காகப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்? இப்படிக்கு, சுகந்தாமணி.’

“பாய் கை வெச்சதும் கெடுத்துட்டாரு” என்றான் இன்னாசி. “எவ்வளவு பாசமாப் பேசிக்கிட்டிருந்த பொண்ணு!”

பழையபடி தங்கள் எண்ணையே போட்டார்கள். யாரென்று கேட்டாளே என்பதற்காக, ‘கோபப்படாதீர்கள். வரும் தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா? இப்படிக்கு, தவசிமுத்து’ என்று முதல்முறையாகப் பெயரும் போட்டு எழுதினான்.

உடனே பதில் வந்தது. தையில் கல்யாணம். கீழே கையெழுத்தைப் பார்த்ததும் தவசிமுத்து பூரித்துப்போனான்.

சாயங்காலமே மூவரும் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனார்கள்.

“மணமகன் பேரு?” என்றார் அச்சகக்காரர்.

“தவசிமுத்து.”

“மணமகள் பேரு?”

“தவசிமுத்து” என்று வெட்கப்பட்டான் அவன். “கல்யாணத்துக்கு முன்னாலயே மாத்திக்கிட்டா.”