பந்தலுக்குக் குடிவந்த அரசவை

மாங்கோட்டையில் பூமி ஆடிய ஆட்டத்தில் ஓடுகள் சரிந்தன, குளத்து நீர் கரையேறியது, ராஜா வீரகேசரி கட்டிய புது மண்டபம் குறுக்கே விரிசல் விட்டது. அன்றிலிருந்து ராஜா உள்ளே காலடி வைக்கவில்லை. மாந்தோப்பில் பந்தல் போட்டு அங்கேயே தர்பார் நடத்தினார். கேட்டால் காற்றோட்டமாம்!

மண்டபத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் அரண்மனைச் சோதிடர் மார்த்தாண்டர். ஆயிரம் வருஷம் அசையாது என்று அடித்துச் சொன்னவர். இப்போது பழியைப் போட அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"கீழத்தெருவில் கிணறு வெட்டுகிறார்களே, அவர்களுடைய கடப்பாரை ஆதிசேஷன் தலையில் குத்திவிட்டது. அவர் தலையை உதறினார், பூமி குலுங்கியது. அவர்களைத் துரத்தினால் இனி ஒரு தூசிகூட அசையாது."

"அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள் எல்லாக் குடும்பமும் எல்லையைத் தாண்டணும்" என்றார் ராஜா.

கிணறு வெட்டுகிறவர்களின் தலைவன் மொக்கையன் அழுதேவிட்டான். "சாமி, இன்னும் தண்ணியே ஊறலை. ஆதிசேஷன் வரைக்கும் எப்படி சாமி போவோம்?"

அவைப்புலவர் சிற்றம்பலத்துக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆணையை வாசித்துவிட்டால் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் முகத்தில் பவ்யம் குறையாமல் எழுந்தார்.

"நல்ல தீர்ப்பு அரசே. ஆனால் நாடுகடத்தும் ஆணையைப் பந்தலில் வாசிக்கிற வழக்கம் நமக்கு இல்லையே. குற்றம் சாட்டியவர் மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து வாசிக்கணும்."

"ஆமாம், அதுதான் முறை" என்றார் ராஜா. "சோதிடரே, போங்கள்."

மார்த்தாண்டர் அவசரமாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "இப்போது ராகு காலம்..."

"முடிந்ததும் போகலாம்" என்றார் சிற்றம்பலம்.

"எனக்கு முழங்கால் வலி..."

"பல்லக்கு வரச்சொல்கிறேன்."

"அட, மேலே விரிசல் இருக்கிறதே ஐயா!"

"இருந்தால் என்ன? பூமியை ஆட்டியவன் இதோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே. நீங்கள் தைரியமாகப் போங்கள்!"

மார்த்தாண்டருக்குப் பொறுமை போய்விட்டது. "விளையாடுகிறீரா? பூமி எப்போது ஆடும் என்று யாருக்கய்யா தெரியும்?"



சிற்றம்பலம் ராஜாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "கேட்டீர்களா அரசே? நாளைக்கு ஆடுமா என்று அவருக்குத் தெரியாதாம். அன்றைக்கு யாரால் ஆடியது என்று மட்டும் தெரியுமாம்!"

ராஜா தலைப்பாகை நழுவச் சிரித்தார். ஆணை வாசிக்கப்படவே இல்லை. சிற்றம்பலத்துக்கு முத்துமாலை கிடைத்தது. மொக்கையன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கே ஓடினான்.