பொன்னுத்தொட்டானின் கண்

கண்ணைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொண்டு படியுங்கள். பிறகு கதை சொன்னவனைக் குறை சொல்லக்கூடாது.

பாய்மரக் கப்பல் காலத்துத் தரங்கம்பாடியில் நரசராஜு என்றொரு ஓவியன் இருந்தான். சாமிப் படம் எழுதிப் பழகிய கை. நம் நாட்டுப் பறவைகளைப் படத்தோடு நூலாக்க ஆசைப்பட்ட ஒரு டாக்டர் துரை அவனை வேலைக்கு வைத்தார். உயிரோடு பிடித்துவரும் பறவை, படம் முடியும்வரை நரசராஜுவுடையது, முடிந்ததும் துரையுடையது. இதுதான் ஒப்பந்தம். பிறகு அதன் கழுத்தைத் திருகி, தோலில் பஞ்சடைத்து, படத்தோடு கப்பலேற்றுவார்கள்.

நரசராஜு கண்ணால் காணாததை வரையமாட்டான். ஒரு கௌதாரியின் விரலைக் கால்கட்டு மறைத்திருந்தது என்று அந்த விரலையே விட்டுவிட்டான். துரை தலையில் அடித்துக்கொண்டார். கண்ணை, சாமிப் படத்தைப் போலவே, கடைசியில்தான் திறப்பான். அந்தக் கண்மணிக்குள் மயிரிழைக் கோடுகள் இருக்கும்.

"இது என்ன?" என்று துரை ஒருமுறை கேட்டார்.

"கூண்டுக் கம்பிங்க. அது கண்ணுல தெரிஞ்சுது, எழுதினேன்."

முப்பத்தாறு பறவைகள் இப்படிப் போயின. அடுத்து வந்தது ஒரு பொன்னுத்தொட்டான்: பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. நரசராஜுவின் மனைவி கோனம்மா தன் அரக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூண்டருகே குந்தி அதற்குக் கறையான் ஊட்டினாள். அதன்பிறகு அந்த வீட்டில் புருஷனுக்குக் கஞ்சி இரண்டாம்பட்சம்தான். அவனுக்கும் அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது.

படத்தில் கண் மட்டும் பாக்கி. அந்தக் கண்ணைத் திறந்தால் இந்தக் கண் மூடிவிடும். இன்று அஷ்டமி, நாளை நவமி, மறுநாள் கரிநாள் என்று நாளைக் கடத்தினான்.

"உன் பஞ்சாங்கத்துக்காகக் கப்பல் காத்திருக்காது. நாளைக் காலையில் படம் வேண்டும்," என்றார் துரை.

மறுநாள் காலை வந்தார். படத்தில் கண் திறந்திருந்தது. கூண்டும் திறந்திருந்தது.

"நான்தான் தொறந்துவிட்டேன் துரை," என்றாள் கோனம்மா.

"இல்லீங்க, நான்தான்," என்றான் நரசராஜு.

"யார் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கிறேன். கண்ணை எழுதுவதற்கு முன்பென்றால் பறவை உங்களுடையது. எழுதிய பிறகென்றால் திருட்டு, கோட்டைச் சிறைதான்."

"முன்னாடிதாங்க!" என்றார்கள் இருவரும். ஆனால் சாட்சிக்கு எங்கே போவார்கள்?

துரை பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோனம்மாவைப் பார்த்தார். சிரித்துவிட்டு, "பிழைத்துப் போங்கள்," என்றார்.

வாசகரே, முதலில் திறந்தது கூண்டா, கண்ணா? துரைக்கு அதைச் சொன்ன சாட்சி யார்?

விடை: கூண்டுதான். சாட்சி அந்தப் பறவையேதான். காணாததை வரையாத கை எழுதிய அந்தக் கண்ணுக்குள் கம்பிக்கோடு ஒன்றுகூட இல்லை. கடுகளவு அரக்குச் சிவப்பு மட்டும் இருந்தது, அது கோனம்மாவின் சேலை. வெளியே வந்த பறவை கோனம்மாவின் எதிரில் நின்று, கடைசிக் கறையானையும் தின்றுவிட்டுத்தான் பறந்தது. அந்த நேரத்துக்குள் நரசராஜு கண்ணை எழுதி முடித்துவிட்டான். அப்படியானால், படம் முடிந்தபோது பறவை இன்னும் முற்றத்தில்தானே நின்றது, துரையுடையதுதானே என்று கேட்பீர்கள். அது துரைக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.