கன்றுக்கயிறு

மலையடிவாரத்து மடத்தில் வஞ்சியம்மாள் என்று ஒரு துறவி இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் சென்னியப்பன். அம்மாளைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஊரில் துண்டு நெய்கிற தறிக்காரர்களுக்கெல்லாம் கடன் கொடுக்கிறவர் அவர்தான்.

மாதத்தில் மூன்று நாள் மடத்தில் தங்கி, சொன்ன வேலையைச் செய்வார். இந்த முறை மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அம்மாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வெறும் சொம்போடு வந்து நின்றார் சென்னியப்பன். முகத்தில் ஈயாடவில்லை. மாட்டைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பற்றிப் பேசினார். போன வருசம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச்சத்தம் காதைக் கிழிக்குமாம். கேட்காதவனையும் கூப்பிட்டுக் கொடுத்தாராம். ஒரு தறி வைத்திருந்தவன் நாலு போட்டான். துண்டு மலையாகக் குவிந்தது, வாங்க ஆளில்லை. பயந்துபோய்ப் பெட்டியைப் பூட்டினார். ஒருத்தருக்கும் ஒத்தை ரூபாய் தரவில்லை. இப்போது நூல் வாங்க வழியில்லாமல் நல்லா ஓடின தறியும் நின்றுவிட்டது.

"அதே சனம், அதே தறி, அதே கை. காசு வந்து ஊரைக் கெடுத்துச்சா, ஊர் கெட்டதால காசு ஓடிப்போச்சா? ஒண்ணும் புரியலீங்கம்மா."

மடத்து வாசலில் லாரி நின்றது. கடன் திரும்பாத இருபது வீட்டுத் தறிகளைக் கழற்றி ஏற்றிவர, அவருடைய ஆட்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். தறிக்காரி வேலாத்தாள் முந்தின நாளே வந்து, தறி போனால் பிள்ளைகளோடு நடுத்தெருதான் என்று அழாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அம்மாள் சொம்பைப் பார்த்தார்.

"பால் எங்கங்க?"

"மாடு வத்திப்போச்சுங்க."

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள் ரெண்டு படி கறந்துச்சே."

சென்னியப்பன் இழுத்து இழுத்துச் சொன்னார். முதல் நாள் கன்று பாவமாய்ப் பார்த்ததென்று அவிழ்த்தே விட்டுவிட்டார். அது முட்ட முட்டக் குடித்தது, கழிச்சல் கண்டது. அந்தப் பயத்தில் நேற்றிலிருந்து கொட்டகைக்குப் பின்னால், தாயின் கண்ணில் படாத இடத்தில் கட்டிப்போட்டு, கஞ்சித்தண்ணி ஊற்றினார்.

அம்மாள் போய்க் கன்றைப் பிடித்து வந்து தாயின் மடியில் விட்டார். கன்று நாலு காம்பையும் மாற்றி மாற்றி முட்டியது. மாடு அதை நக்கிக்கொடுத்தது. கடைவாயில் நுரை தள்ளியதும், கன்றை விலக்கித் தாயின் முன்காலோரம் கட்டினார்.

"இப்பக் கறங்க."

சொம்பு முக்கால் நிறைந்தது. போதும் என்றார் அம்மாள். கன்றை அவிழ்த்து, மிச்சத்தைக் குடிக்க விட்டு, கயிற்றின் முனையைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அப்பக் குத்தம் பால் மேலயா, கன்னு மேலயாங்கம்மா?"

"ரெண்டு நாளும் கயிறு யார் கையிலங்க இருந்துச்சு?"

ஹாரன் இன்னொரு தரம் கேட்டது. சென்னியப்பன் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.