வெள்ளையப்ப அண்ணாச்சி உம் கொட்டிய கதை

அந்தக் காலத்தில் வானத்தில் இருந்த எல்லாருக்கும் வாய் இருந்தது. அது சும்மாவும் இருக்காது. சின்ன உலகங்கள் ஊரெல்லாம் பார்த்துவிட்டு வந்து வம்பு பேசும். நடுவில் உட்கார்ந்திருக்கும் நட்சத்திரம் அதைக் கேட்டு "உம்" கொட்ட வேண்டும். உம் கொட்டாதவருக்கு யாரும் கதை சொல்ல மாட்டார்கள். அதுதான் வானத்து வழக்கம்.

வெள்ளையப்பன் என்று ஒரு நட்சத்திரம் இருந்தார். வாலிபத்தில் வெள்ளைவெளேரென்று ஒடிசலாக இருந்தவர்தான். வயதாக ஆக உடம்பு சிவந்து உப்பத் தொடங்கியது. யாராவது கேட்டால், "லேசாப் பூசினாப்புல இருக்கேன், அவ்வளவுதான்" என்பார். அந்தப் பூச்சில், பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு உலகங்கள் காணாமல் போய்விட்டன. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தூங்கி எழுந்து பார்த்தார், இரண்டும் வயிற்றுக்குள் போயிருந்தன. அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியதே இல்லை.

மிச்சம் இருந்தது குருவம்மா மட்டும்தான். நல்ல உலகம். ஆனால் வாயை மூடத் தெரியாது. அண்ணாச்சிக்கும் அவளை விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

ஒருநாள் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க வயிறு எம் வாசலுக்கு வந்துட்டு."

"என் வயிறா? இருக்காதே."

"வடகம் காயப் போட்டேன். போட்ட இடத்துலயே பொரிஞ்சு கெடக்கு. வந்து பாக்கீயளா? வேண்டாம், வேண்டாம், நீங்க வராதீய!"

அண்ணாச்சி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். இவளும் உள்ளே போய்விட்டால் என்ன ஆவது? யோசிக்கவே பயமாக இருந்தது. சட்டென்று, போட்டோவுக்கு நிற்கிறபோது நாமெல்லாம் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டார்.

வயிறு உள்ளே போனது. அத்தனை பெரிய உடம்பும் நெருக்கிப் பிடித்ததில் சூடேறி, முகம் ஜொலிஜொலி என்று ஜொலித்தது. தூரத்து நட்சத்திரங்கள் எட்டிப் பார்த்தன. கிழவருக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்று பேச்சு கிளம்பி, தெற்கேயிருந்து ஒரு சம்பந்தம்கூட வந்தது. அண்ணாச்சியால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வாயைத் திறந்தால்தானே!

குருவம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாசலைப் பெருக்கிவிட்டு, தெம்பாகக் கதையை ஆரம்பித்தாள்.

"கேட்டீயளா அண்ணாச்சி, அந்த வடக்குத்தெரு இரட்டையர் இருக்காகள்ல, ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லையாம்."

பதில் இல்லை.

"பெரியவரு சின்னவரு வெளிச்சத்த இழுத்துக்கிட்டாராம்."

அதற்கும் இல்லை. அண்ணாச்சிக்கு நாக்கு நுனி வரை உம் வந்து நின்றது. ஆனால் மூச்சுப் போகாமல் உம் சொல்ல யாரால் முடியும்? நீங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

குருவம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சம்பந்தம் வந்ததும் நம்ம கதையெல்லாம் கசந்துட்டாக்கும்? இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பேசவே இல்லை. சுற்றினாள், சுற்றினாள், ஒரு வார்த்தை கிடையாது.

அவள் பத்திரமாகத்தான் இருந்தாள். அண்ணாச்சிக்குத்தான் தாங்கவில்லை. எதற்காக மூச்சைப் பிடித்தாரோ, அந்தப் பேச்சே போய்விட்டதே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், எத்தனையோ சுற்றுக்கு முன்னால் கேட்ட கதைக்கு இப்போது வெடித்தார்.

"உம்ம்ம்ம்ம்!"

அடக்கிவைத்த மூச்சு முழுக்க வெளியே போனது. வயிறு புசுபுசுவென்று உப்பியது, சூடு தணிந்து முகம் மங்கியது. எக்கிய வயிறு பழைய இடத்தையும் தாண்டி நேரே குருவம்மாவின் வாசற்படியில் வந்து இடித்தது.

"ஐயோ, அண்ணாச்சி! தீயுது, தீயுது!"

பதறிப்போய் மறுபடியும் எக்கினார். பிழைத்தாள். விளக்குமாறு மட்டும் கருகிவிட்டது.

குருவம்மா கருகிய விளக்குமாற்றைப் பார்த்தாள், கண் பிதுங்க நிற்கிற அண்ணாச்சியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்காவா மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னீய?" என்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "சரி, கேளுங்க. கதைய நான் சொல்லுதேன். நீங்க எக்கிக்கிட்டே கேளுங்க. நான் நிறுத்துனதும் மொத்தத்துக்கும் சேத்து ஒரே உம்மாக் கொட்டுங்க. வடகம் பொரியுத வாசம் வந்தா உடனே எக்கிரணும்."

அண்ணாச்சி மெதுவாக, பயந்து பயந்து மூச்சை விட்டார். "உம். ஆனா குருவம்மா, வயசாவுது. ஒருநாள் எக்க முடியாமப் போச்சுன்னா?"

"போனாப் போவுது. உம் கொட்ட ஆளில்லாம இந்த வாசலக் காப்பாத்தி நான் என்ன செய்ய? சரி, வாசம் வருது, எக்குங்க!"

அன்று முதல்தான் வயதான சிவப்பு நட்சத்திரங்கள் சில மாதம் பளிச்சென்று எரிவதும் சில மாதம் மங்கிக் கிடப்பதுமாக இருக்கின்றன. மங்கினால் அணைந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். உம் கொட்டிக்கொண்டிருக்கிறது.